தகப்பனின் இனம்

2009 ஜூன் 9, செவ்வாய்க்கிழமை. என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் வழக்கம்போலத்தான் தொடங்குகிறது. ஐந்து பத்துக்கு எழுந்தேன். பாணும் பருப்பும். கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஆறு முப்பத்தைந்து பஸ். நாள் முழுக்கத் தூறல். நாலேகாலுக்கு அலுவலகம் முடிந்து வீடு வந்தபோது, அக்கா நனைந்த சேலையோடு முன்னறைக் கதிரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பொலித்தீன் பை.

"இந்தா புள்ள, சின்னவனோட ஐடென்டிக்கு ஃபோம். வியாழக்கெழம ஸ்கூல்ல குடுக்கணுமாம். ஒங்கத்தான் மீட்டிங்னு கொழும்புக்குப் போய்ட்டாரு. என் கையெழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கும். நீயே எழுதிரு."

நான் அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதர் என்பதால் உறவினர் எல்லாரும் படிவங்களை என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அத்தான் மட்டும் கொண்டுவந்ததில்லை. அவர் ஆசிரியர், தானே எழுதிக்கொள்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அக்காவின் சின்னவனுக்கும் என் மகளுக்கும் இரண்டு மாதந்தான் வித்தியாசம். இருவருக்கும் டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை; அடையாள அட்டை இல்லாமல் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். மகளின் விண்ணப்பம் முந்தின வாரமே திரும்பி வந்திருந்தது. அவளுடைய பிறப்புச் சான்றிதழில் 'தகப்பனின் இனம்' என்ற இடத்தில் 'இந்தியத் தமிழர்' என்று இருந்ததால், தாத்தாவின் பிரஜாவுரிமைக்கு ஆதாரம் கேட்டிருந்தார்கள். "அப்பாவுக்கு ஒரு ஃபோம்கூட ஒழுங்கா நெரப்பத் தெரியல," என்று மகள் அழுதாள். கணவர் திரும்பி வந்த படிவத்தை மடித்து உறைக்குள் வைத்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அதை எழுத வைத்தது நான். எனக்குச் சொன்னது அத்தான். 1993 பெப்ரவரி 28, ஞாயிறு, பன்வில தோட்டமொன்றில் அத்தான் பேசிய கூட்டம். நான் ஏழு மாத வயிற்றோடு முன்வரிசையில் இருந்தேன். "மலையகத் தமிழர்னு சொல்லுங்க," என்றார். "அதுதான் நம்ம பேரு. ஃபோம்ல அந்தப் பேரு வர்ற வரைக்கும் இந்தியத் தமிழர்னே இருக்கட்டும். இலங்கைத் தமிழர்னு எழுதி ஒளிஞ்சிக்காதீங்க. அப்படி எழுதுறவன் நம்ம சனத்துல ஒரு தலையக் கொறைக்கிறான்." கை வலிக்கத் தட்டினேன்.

மகளைப் பதியப் போனபோது, "இலங்கைத் தமிழர்னு போட்டா பின்னால கரைச்சல் இல்ல," என்றார் பதிவாளர். நல்ல மனிதர். கணவர் தலையாட்டினார். நான் மறுத்தேன். "எழுதுங்க சேர், வீட்டு மேலிடம் உத்தரவு போட்டுருச்சு," என்று சிரித்துவிட்டுக் கணவர் கையெழுத்து வைத்தார்.

அக்காவின் பையிலிருந்து சான்றிதழை எடுத்தேன். பதிவு செய்த திகதி 1993 பெப்ரவரி 11. தகப்பனின் இனம்: இலங்கைத் தமிழர். அலுமாரியிலிருந்து அந்த ஆண்டு நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். கூட்டத்துக்குப் பதினேழு நாள் முன்பு.

"என்ன புள்ள, எழுத்து வெளங்கலயா?"

"வெளங்குதுக்கா."

நிரப்பிக் கொடுத்து அனுப்பினேன். சான்றிதழில் உள்ளபடியே எழுதினேன்.

ஏழு மணிக்கு அத்தானே தொலைபேசியில் அழைத்தார். நான் சான்றிதழையும் நாட்குறிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்ததை அக்கா சொல்லியிருக்க வேண்டும்.

"பதறாத. அது வீட்டு விசயம்."

"பன்விலயில பேசுனது?"

"அது சனத்துக்குச் சொன்னது."

"நானும் அங்கதான அத்தான் உக்காந்திருந்தேன்?"

"நீ தனியா வந்து கேட்டிருக்கணும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

அவருடைய பயம் எனக்குப் புரியாததல்ல. பிரஜாவுரிமை இல்லையென்று தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்குக் கப்பலேற்றியதைப் பார்த்த பிறகு பிள்ளை பெற்றவர்கள் யாருக்குத்தான் பயமில்லை? பயத்தை மேடையிலும் சொல்லியிருந்தால் அன்று அங்கிருந்த எல்லாரும் தங்கள் பிள்ளைகளுக்காக யோசித்திருப்போம். அவர் எங்களை வீடு என்றும் சனம் என்றும் பிரித்து வைத்திருந்தார். மைத்துனி என்பதால் நான் வீட்டுப் பக்கம் இருப்பதாக நம்பியிருந்தேன். 'நம்ம' என்று அவர் வாய் நிறையச் சொன்னபோதெல்லாம் அதற்குள் நாங்கள் இருந்தோம். அவருடைய பிள்ளைகள் இல்லை. இன்றும் அந்தச் சொல்லை யாராவது மேடையில் சொன்னால், சொல்பவரின் பிள்ளைக்கு என்ன எழுதியிருக்கும் என்றுதான் மனம் போகிறது. அந்தச் சொல் சரியானதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் அதிகம் வலிக்கிறது.

ஜூன் 10, புதன். முதல் வேலையாக மகளும் கணவரும் நானும், தாத்தா இங்கே பிறந்தவர் என்று சத்தியம் செய்து கொடுக்கும் சத்தியக்கடதாசி எழுதச் சமாதான நீதவான் வீட்டுக்குப் போனோம். "இனத்தையும் திருத்தச் சொல்லி ஒரு மனு போட்டுருவமா? ரெண்டும் ஒண்ணா முடிஞ்சிரும்," என்றார் அவர். கணவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"வேணாம் சேர். எங்கப்பா பன்வில தோட்டத்துல பொறந்தவரு, அத மட்டும் எழுதுங்க. மத்தது நான் கையெழுத்து வச்சது, இருக்கட்டும்," என்றார் கணவர்.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கையெழுத்துத்தான் அப்பாவோடது," என்றேன் அவளிடம். "எழுதச் சொன்னது நான்."

நீதவான் பேனாவை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்தார். அது சத்தியக்கடதாசிக்குத் தேவையில்லாத விபரம். அடுத்த வரிக்குப் போனார்.