என் குரல் மட்டும் தப்பாக வருகிறது

சில வருடங்களுக்கு முன் ஒரு காய்ச்சலில் என் இரண்டு காதும் போயின. வாய் போகவில்லை என்பதில் எனக்குப் பெருமை. கோவளத்தில் எங்கள் சபையில் ஞாயிறுதோறும் வேதபாடம் வாசிப்பது அதற்கு முன்பும் நான்தான், பின்பும் நான்தான். நான் வாசிக்கத் தொடங்கியதும் முன்வரிசையில் என் மனைவி முந்தானையை இழுத்துக் காதோடு தலையை மூடிக்கொள்வாள். மற்ற பெண்கள் ஜெபத்துக்கு மட்டும்தான் மூடுவார்கள். இவளுக்குப் பக்தி அதிகம் என்று நினைத்துக்கொள்வேன்.

மகளுக்குக் கல்யாணப் பேச்சு எழுந்ததும், கல்யாணத்தில் நான் வாசிப்பதை நானே கேட்க வேண்டுமென்ற ஆசையில், ஆபரேஷன் செய்து காதுக்குள் காக்ளியர் இம்பிளான்ட் என்ற கருவியை வைத்துக்கொண்டேன். முதலில் எல்லாரும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசினார்கள். போகப்போக மனைவியின் குரல் மனைவியின் குரலானது. ஒரே ஒரு குரல்தான் தேறவில்லை. மீன் ஏலம் விடுகிறவருக்குச் சளி பிடித்தாற்போல, மூக்கால் கத்துகிற தட்டையான குரல். பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் புகார் செய்தேன்.

“எல்லார் குரலும் சரியா வருதும்மா. என் குரல் மட்டும் தப்பா வருது. மெஷினைக் கொஞ்சம் பாருங்க.”

“மெஷின் நல்லாத்தான் இருக்கு சார்,” என்றார் அவர், மிக மெதுவாக. “நம்ம குரலை நாமே கேட்டுத்தான் அடக்கிப் பேசறோம். உங்களுக்கு அது இத்தனை வருஷம் இல்லையே.”

அப்படியானால் இத்தனை ஞாயிறுகளும் இந்தக் குரலிலா வாசித்தேன்?

அடுத்த ஞாயிறு வாசித்தபோது இன்னொன்றும் கவனித்தேன். போதகரின் குரல் ஸ்பீக்கரில் வந்தது, என்னுடையது வரவில்லை. ஆராதனை முடிந்ததும், மைக்கைப் பார்த்துக்கொள்ளும் என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளியைப் பிடித்தேன்.

“மைக் ரிப்பேரா?”

“நல்லாத்தான் கீது. ஐயய்யோ, உனக்கு இப்ப காது கேக்குதுல்ல! மறந்தே பூட்டேன் மச்சான். நீ ஏறினா ஆஃப் பண்ணிடுவேன். நீ சும்மா வாசிச்சாலே படகுல கீறவனுக்குக் கேக்கும்.”

“எத்தினி நாளா?”

“உனக்குக் காது போனதுலேர்ந்து.”

“ஏண்டா சொல்லல?”

“எப்படிரா சொல்றது? உனக்குத்தான் காது கேக்காதே!”

பால் வாங்கி வா என்பதைக்கூட எனக்கு எழுதிக் காட்டிய ஊர், இதை மட்டும் எழுதிக் காட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன்: “அப்போ அந்த முந்தானை?”

அவள் அரிசி களைவதை நிறுத்தினாள். “காது வலிக்கும்ங்க.”

என் பக்தியுள்ள மனைவி! நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். கல்யாணத்தில் வேறு யாராவது வாசிக்கட்டும் என்றேன்.

“நீதான்பா வாசிக்கணும்,” என்றாள் மகள். “ஆனா மைக் ஆன்ல இருக்கும்.”

நெஞ்சில் கையை வைத்து, அதிர்வைப் பார்த்துப் பார்த்துக் குரலை இறக்கப் பழகினேன். பக்கத்து வீட்டார் எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்து ஒருமுறை ஆட்டோ கொண்டுவந்துவிட்டார்கள்.

கல்யாணத்தன்று மைக் பார்க்கும் கூட்டாளியின் விரல் சுவிட்சை விட்டு நகரவே இல்லை. மனைவியின் முந்தானை தோளிலேயே இருந்தது. பாதியில் மகளைப் பார்த்துத் தொலைத்தேன், குரல் ஏறியது. அவன் விரல் அசைவதற்குள் எனக்கே கேட்டுவிட்டது. இறக்கினேன்.

ஸ்பீக்கரில் கடைசி வசனம்வரை என் குரல் வந்தது. அதே ஏலக்காரன்தான். சளி மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது.