மாட்ரிட்டில் நிற்கும் எகிப்துக் கோயில்

எங்கள் ஊர் அருமனையில் இருக்கும் வீட்டை விற்கலாம் என்று மகனிடம் தலையாட்டியது நான்தான். அவன் மாட்ரிட்டில் வேலை பார்க்கிறான். "இனி எங்ககூடவே இரும்மா" என்றான். என் தையல் கடையைப் பூட்டிவிட்டு விமானம் ஏறினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே பூங்காவில் நிற்கும் பழைய எகிப்துக் கோயிலைக் காட்டக் கூட்டிப்போனான். எகிப்தில் அணை கட்டியபோது, தண்ணீரில் முங்கிவிடும் என்று கல் கல்லாகப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்து அடுக்கினார்களாம்.

"பாத்தியாம்மா, கோயிலே நாடுவிட்டு நாடு வந்து சுகமா நிக்குது. ஒனக்கென்ன?" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. அந்தக் கல்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். பல மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அதுக்க ஊருல வெள்ளம் வந்துது மக்கா. எனக்க வீட்டுல ஒரு வெள்ளமும் வரல்ல. நான் திரும்பிப் போறேன். வீட்டை விக்க மாட்டேன்."

அவன் முகம் மாறியது. "வீடு வாங்க வந்தவங்ககிட்ட நான் என்ன சொல்ல?"

"அம்மைக்குப் புத்தி வந்துட்டுன்னு சொல்லு."

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அடுத்த வாரம் அவனே ஏர்போர்ட்டில் கொண்டுவிட்டான்.

ஊருக்கு வந்து கடையை மறுபடி திறந்துவிட்டேன். பாசத்தால்தான் அன்று தலையாட்டினேன் என்று நினைத்திருந்தேன். இல்லை, பயத்தால். மறுத்துப் பேசினால் பிள்ளை விலகிவிடுவான் என்ற பயம். அவன் விலகவில்லை. விலகியிருந்தாலும் நான் வந்திருப்பேன்.