ரங்கூன் குழி

இது நடந்தது. நம்பாதவர்கள் ஆரம்பாக்கத்துக்கு வந்து என் மாமனார் ஸ்டீபனைக் கேட்டுப் பார்க்கலாம். வாசலிலேயே விரட்டுவார். எனக்கும் இப்போது அந்த வீட்டில் அதே மரியாதைதான்.

பேய் என்றால் நடுராத்திரி என்பார்கள். சும்மா சொல்கிறார்கள். இது மதியம் இரண்டு மணிக்கு நடந்தது. போன டிசம்பர் இருபத்து மூன்று.

என் மனைவி ஷைனியின் குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது. 1941-இல் அதே தேதியில்தான் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். மாமனாரின் தாத்தா ஜோசப், தெருக்காரர்களோடு பதுங்கு குழிக்குள் இறங்கி மேலே மூடிவிட்டார். வெளியிலிருந்து யாரோ தட்டியிருக்கிறார்கள். அவர் திறக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். தட்டியவர் பிழைக்கவில்லை.

அந்த நினைவுக்கு வருடா வருடம் வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டுவார்கள். மேலே பலகை, பலகை மேல் மண். சொந்தக்காரர்கள் எல்லாம் உள்ளே உட்கார்ந்து ஜெபம் செய்வார்கள். தொழிற்பேட்டையில் இரண்டு மணி ஷிப்டுக்கு ஊதுகிற சைரனையே குண்டுவீச்சு சைரனாக வைத்துக்கொண்டார்கள். குழியின் வாயை மட்டும் மூடவே கூடாது. வாய்க்குப் பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாக விட வேண்டும். அன்றைக்கு இடம் கிடைக்காமல் போனவருக்காம்.

எனக்கு இதெல்லாம் பிடிக்காது. அன்று நைட் ஷிப்ட் முடித்துக் கண் எரிச்சலோடு வந்திருந்தேன். மழை வேறு. என் ஆறு வயது மகள் ஜெபா நனைந்துகொண்டு நின்றாள். குழியில் அந்தக் காலி இடம்தான் மிச்சம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. செத்தவருக்கு இடம் உண்டு, என் பிள்ளைக்கு இல்லையா?

அவளைத் தூக்கி அங்கேயே உட்கார வைத்தேன்.

"மாப்ள, அங்க வேணாம்!" என்றார் மாமனார்.

"கொயந்த நனையுது மாமா. சும்மா இருங்க."

நானும் அவள் பக்கத்தில் நெருக்கி இறங்கி அவரோடு சண்டை போட்டேன். போட்டுக்கொண்டே, கையை நீட்டி, வெளியே கிடந்த தகரத்தை இழுத்து வாயை மூடினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கும்மிருட்டு.

சைரன் ஊத ஆரம்பித்தது. பக்கத்தில் துழாவினேன். ஒரு சின்னக் கை என் விரல்களைப் பிடித்துக்கொண்டது. ஜில்லென்று இருந்தது. மழையில் நனைந்த பிள்ளை, அப்படித்தானே இருக்கும்...

டம்... டம்...

தகரத்தில் யாரோ தட்டினார்கள்.

"நைனா! தொற நைனா!"

ஜெபாவின் குரல்.

ஜெபா இங்கே இருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள்...

"தொறக்காத மாப்ள! வாய மூடிட்ட, அது வந்துடுச்சி! சைரன் நிக்கிறவரைக்கும் தொறக்காத!" மாமனார் அலறினார்.

டம்... டம்... டம்...

"நைனா, நான்தான் நைனா! பயமாகீது!"

ஷைனி இருட்டில் அழுதாள். "ஜெபா உன்கூடத்தான கீறா? புட்ச்சிக்கினுதான கீற?"

"புட்ச்சிக்கினுதான் கீறேன்."

தகரம் மேலே எழும்பியது. ஒரு கையால் கீழே இழுத்துப் பிடித்தேன். மறு கையில் அந்தப் பிடி இறுகியது.

"ஜெபா... பேசும்மா..."

பேசவில்லை.

இன்னும் இறுகியது. எலும்பு வலித்தது...

சைரன் நின்றது.

கையில் எதுவும் இல்லை.

தகரத்தைத் தள்ளினேன்.

வெளியே ஜெபா நின்றாள். தகரம் கிழித்து இரண்டு உள்ளங்கையிலும் ரத்தம்.

"ஏன் நைனா தொறக்கல?"

நான் சண்டை போட்ட நேரத்தில், சேற்றில் சிக்கிய செருப்பை எடுக்க ஏறிப் போயிருக்கிறாள். கும்மிடிப்பூண்டியில் தையல் போட்டோம். காயம் ஆறிவிட்டது. ஆனால் ரோடு தாண்டும்போதுகூட அவள் என் கையைத் தொடுவதில்லை.

அன்று தையல் போடும்போது, ஆஸ்பத்திரி வாசலில் மாமனார் என்னிடம் வந்தார்.

"தட்டுனது யாரோன்னுதான் தாத்தா ஊருக்குச் சொன்னாரு. யாரோ இல்ல மாப்ள. அவரு பொண்ணு."

"பெத்த பொண்ணு கொரல் தெரியலயா அவருக்கு?"

"தெரிஞ்சிது." அவர் என் கையையே பார்த்தார். "ஆனா, குழிக்குள்ள அவ கையப் புட்ச்சிக்கினுதான் இருந்தேன்னு சாவறவரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு."