பேச்சியம்மாள் கொடுத்துவிட்டுப் போன ரத்தம்

தகவல் வந்தபோது நான் சிவகாசியில், எங்கள் அச்சகத்தில், அடுத்த ஆண்டு நாட்காட்டிக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஆவணி மாதத் தாள்கள். நல்ல நேரம், ராகு காலம், சூலம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வருகையில் கைப்பேசி அடித்தது. பேச்சியம்மாளின் மகள் கனகா. "பெரியம்மா, அம்மா போயிட்டாக" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. யாரோ ஒருவர் போனை வாங்கி, காலையில் மூச்சு அடங்கியது என்றும் சாயங்காலம் எடுக்கிறார்கள் என்றும் சொன்னார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது பயம். போனை வைத்ததும் கை தானாக என் இடது மார்புத் தழும்புக்குப் போனது. மூன்று வருடத்துக்கு முன்பு, மதுரை மருத்துவமனை ஒன்றில், ஒரே நாளில், ஒரே பக்கத்தில் எனக்கும் பேச்சியம்மாளுக்கும் கத்தி வைத்தார்கள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது, எனக்கு ஐம்பத்திரண்டு. அவள் ஊரான தாயில்பட்டிக்குப் போகும் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

பேச்சியம்மாளோடு பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னியவர்களும், அந்த வார்டில் அவளைப் பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். அவளுடைய கடைசி மூன்று வருடங்களில் உங்களுக்குத் தெரியாத சில இருக்கின்றன. அவற்றைச் சொல்லலாம் என்று கனகா அனுமதி கொடுத்திருக்கிறாள்.

வார்டில் எனக்கு அடுத்த கட்டில் அவளுடையது. அறுவைக்கு முந்தின நாள் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். யாரோ என் தோளைத் தட்டினார்கள். "அக்கா, உங்களுக்கும் மார்லதானா? எம்புட்டுப் பெருசு?" என்று கேட்டாள். நெல்லிக்காய் அளவு என்றேன். "எனக்கும் அம்புட்டுத்தான். சரி, அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே லோடு" என்று சொல்லிவிட்டுத் தன் தட்டிலிருந்த இட்லியில் ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்தாள். வீட்டில் அத்தனை பேர் ஆறுதல் சொல்லியும் இறங்காத சாப்பாடு எனக்கு அன்றைக்கு இறங்கியது.

அன்று மாலை, எங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மா ஒரு படிவத்தோடு வந்தார். வெட்டி எடுக்கும் கட்டியில் ஒரு துணுக்கை ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புவார்கள், அதற்குள் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று அங்கே பார்ப்பார்கள், சம்மதமா என்று கேட்டார். நான் உடனே கையெழுத்துப் போட்டேன். பேச்சியம்மாள் போடவில்லை. எங்கே கொண்டுபோவீர்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், என்ன தெரிந்தாலும் என்னிடம் சொல்வீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். "நல்லதோ கெட்டதோ, என்கிட்டச் சொல்லணும். எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிரக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்ன பிறகே பேனாவை வாங்கினாள்.

ஐந்து வாரம் கழித்து முடிவு வந்தது. எங்கள் இருவரையும் சேர்த்தே உட்காரவைத்துச் சொல்லும்படி பேச்சியம்மாள்தான் கேட்டுக்கொண்டாள். மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. சிவப்பும் பச்சையுமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். அச்சகத்தில் வண்ணங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, அவள் தாளில் சிவப்பு கூடியிருந்த இடங்களில் என் தாளில் பச்சை இருந்தது பார்த்தவுடன் தெரிந்தது. என்ன அர்த்தம் என்று மட்டும் தெரியவில்லை.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "உடம்புல எல்லா செல்லுலயும் ஒரே ஜீன்கள்தான் இருக்கு. ஆனா எல்லாம் எல்லா இடத்துலயும் வேலை செய்யாது. சிலது முழிச்சிருக்கும், சிலது தூங்கும். உங்க ரெண்டு பேருக்கும் கட்டி ஒரே அளவு, ரெண்டு பேருக்குமே அக்குளுக்குப் பரவல. முன்னாடின்னா ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியம் எழுதியிருப்போம். உள்ளே பார்த்தா இது ரெண்டும் வேற வேற நோய். சாயம் போட்டுப் பார்த்த சோதனையும் அதையேதான் சொல்லுது."

என் கட்டி, பெண்மைச் சுரப்பான ஹார்மோனைத் தின்று மெதுவாக வளரும் வகை. அந்தச் சுரப்பை மாத்திரையால் தடுத்தால் போதும், கீமோ வேண்டாம் என்றார். அவளுடைய கட்டி அந்தச் சுரப்பை நம்பி வளரவில்லை. வேகமாகப் பெருகச் சொல்லும் மரபணுக்கள் எல்லாம் விழித்திருந்தன. அவளுக்கு மாத்திரை கேட்காது, கீமோ மட்டுமே வழி.

பேச்சியம்மாள் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரே பேரை வச்சுக்கிட்டு ரெண்டு நோயா டாக்டரம்மா? இருக்கும், இருக்கும். எங்க தெருவுல ஏழு பேச்சியம்மா இருக்கோம். ஒருத்தி மாதிரி ஒருத்தி கிடையாது" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். மேசைக்கு அடியில் பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

விருதுநகரில் என் வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கீமோ வேண்டாம் என்பதை ஒருவரும் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை. "முத்திப்போச்சு, இனிமே கொடுத்துப் பிரயோசனம் இல்லைன்னுதான் வேண்டாம்னு சொல்லியிருப்பாக" என்றாள் என் நாத்தனார். வத்தல் கடையிலிருந்து வந்த என் கணவர், அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு பேப்பரை நம்பி உயிரை வைக்க முடியுமா?" என்று கேட்டார். அவர் கேட்டது எனக்கும் நியாயமாகவே பட்டது.

மறுவாரம், எனக்கும் கீமோ கொடுத்துவிடுங்கள் என்று கேட்பதற்காகவே மதுரைக்குப் போனேன். பேச்சியம்மாள் தன் முதல் ஊசிக்காக வராந்தாவில் காத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"அக்கா, எங்க ஊர்ல மருந்துன்னா என்னன்னு தெரியும்ல? பட்டாசுல போடுறதுக்குப் பேரும் மருந்துதான். ஒரு பிடி கூடிப்போனா கட்டடமே இருக்காது. வேண்டாம்னு அவுக சொல்றாக, நீங்க போயிக் கேட்டு வாங்குவீகளா?"

"எனக்குப் பயமா இருக்கு பேச்சி."

"இருக்கட்டுமே. பயம் இல்லாதவளை நான் பக்கத்துலயே உக்கார விட மாட்டேன்."

அதை அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் வேலை பார்த்த அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. உரசினால் பற்றிக்கொள்ளும் பெட்டியைச் சிரித்துப் பேசிக்கொண்டே தரையில் இழுத்த ஒருத்தியை அவள் அப்போதே எழுப்பி வெளியே அனுப்பியிருக்கிறாள். இது உங்களில் பலருக்குத் தெரியும். அன்று நான் டாக்டரம்மாவிடம் எதுவும் கேட்காமல் மாத்திரைச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். இன்றுவரை தினமும் அந்த மாத்திரையை விழுங்குகிறேன். இன்றுவரை தினமும் பயப்படுகிறேன்.

அவளுக்கு ஏறிய மருந்து சிவப்பாக இருந்தது. அவள் கணவர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போகிற நாட்களில் நான் லீவு போட்டுவிட்டுத் துணைக்குப் போவேன். மருந்து ஏறும்போது, பட்டாசு அறைப் பழக்கத்தில், கதவைப் பார்த்துத்தான் உட்காருவாள். செவிலியர் நாற்காலியை ஒழுங்காகத் திருப்பிப் போட்டால், அவர் நகர்ந்ததும் மறுபடி வாசல் பக்கம் திருப்பிக்கொள்வாள். வாந்தி எடுப்பாள், வாயைத் துடைப்பாள், "பஸ் எத்தனை மணிக்குக்கா?" என்று கேட்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், அந்த நாற்காலியில் நான் இல்லையே என்று மனதுக்குள் சாமிக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். சொன்ன மறு நிமிடமே அவள் முகத்தைப் பார்க்கக் கூசியிருக்கிறது. ஒருநாள் அதை அவளிடம் ஒப்புக்கொண்டேன். "நானா இருந்தாலும் அப்படித்தான்கா நினைப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

முடி திரும்ப முளைத்தது. வேலைக்குப் போனாள். ஒன்றேகால் வருடம் நன்றாக இருந்தாள். தீபாவளி சீசன் முடிந்த சமயம் இருமல் பிடித்தது. பட்டாசு மருந்தின் தூசி என்று எல்லோரும் நினைத்தோம், அவளைத் தவிர. படம் எடுத்துப் பார்த்ததில் நுரையீரலில் இரண்டு இடத்தில் வந்திருந்தது.

அப்போதுதான் டாக்டரம்மா அவள் குடும்பத்தைப் பற்றித் துருவிக் கேட்டார். அவள் சின்னம்மா மார்பில் புண் வந்து இறந்திருந்தாள். தங்கை ஒருத்தி முப்பத்தோரு வயதில் அப்படியே போயிருந்தாள். உங்கள் வகைக் கட்டி சில குடும்பங்களில் பிறவியிலேயே வருகிற மரபணுப் பிசகால் உண்டாகும், முதலில் உங்கள் ரத்தத்தில் அதைத் தேட வேண்டும், கண்டுபிடித்துவிட்டால் மகளுக்கு இருக்கிறதா என்று தெளிவாகப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா.

பேச்சியம்மாள் எழுந்துவிட்டாள். "வேண்டாம்" என்றாள். அவள் பயந்து ஓடி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். கனகாவுக்குச் சாத்தூரில் சம்பந்தம் பேசி முடிவாகிற நேரம். "ரத்தத்துலயே இருக்குன்னு தெரிஞ்சா எவன் கட்டுவான்? நான் செத்தா என்னோட போகட்டும்கா" என்று பேருந்து நிலையத்தில் நின்று கத்தினாள். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. மூன்று மாதம் அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை.

சித்திரையில் ஒரு மதியம் கனகா அச்சகத்துக்கு வந்தாள். சிவகாசியிலேயே லேபிள் டிசைன் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிற, இருபத்தொரு வயதுப் பெண். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். பிறகு மார்பைத் தொட்டுக் காட்டி, "பெரியம்மா, எனக்கு இங்கன ஒண்ணு தட்டுப்படுது. ஒன்றரை மாசமா இருக்கு. அம்மாகிட்டச் சொல்ல பயமா இருந்துச்சு" என்றாள். என் கையிலிருந்த தாள்களை மடித்து வைத்துவிட்டு எழுந்தேன்.

இந்தச் செய்தியை மறைக்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. அன்றே அவளைத் தாயில்பட்டிக்கு அழைத்துக்கொண்டு போனேன். பேச்சியம்மாள் மகளை ஏசவில்லை, அழவும் இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அடுத்த பத்து நாட்கள், ஊசி குத்தி எடுத்ததன் முடிவு வரும்வரை, அந்த வீட்டில் தாய், தகப்பன், மகள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில் அது சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று சொன்னார்கள். கனகா என் தோளில் விழுந்து அழுதாள். பேச்சியம்மாள் டாக்டரம்மாவிடம் போய்ச் ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"ஒன்றரை மாசம் எம்புள்ள என்கிட்டச் சொல்லாம வச்சிருந்துருக்கா. நான் பேசக் கூடாதுன்னு சொன்னதுனால வந்த வினை. என் ரத்தத்தை இப்பவே எடுத்துக்கோங்க. நான் போன பொறவு தேடினா யாரு தருவா?"

கீமோவால் அவள் நரம்பெல்லாம் இறுகிப்போயிருந்தது. நான்கு இடத்தில் குத்தினார்கள். "மெதுவாத் தேடுங்கம்மா, அவசரம் இல்ல" என்று அவளே செவிலியரைத் தேற்றினாள். படிவத்தில் முகவரி எழுதும் இடம் வந்தபோது என்னைப் பார்த்தாள். ஊருக்குக் கடிதம் வந்தால் நாலு பேர் கண்ணில் படும். என் அச்சக முகவரியை எழுதச் சொன்னாள்.

அவள் இறந்த பதினோராம் நாள் அந்த உறை என் மேசைக்கு வந்தது. பிரிக்க எனக்குத் துணிவில்லை. மறுநாள் கனகாவின் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். தேடிய பிசகு பேச்சியம்மாளின் ரத்தத்தில் இருந்தது. அப்படியானால் மகளுக்கு இருக்கவும் பாதி வாய்ப்பு, இல்லாமலிருக்கவும் பாதி வாய்ப்பு. இருந்தாலும் ஆண்டுதோறும் படமெடுத்து முளையிலேயே பிடித்துவிடலாம், செய்வதற்கு வழிகள் உண்டு என்று டாக்டரம்மா போனில் விளக்கினார். கனகா எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

போன மாதம் அவளும் ரத்தம் கொடுத்துவிட்டாள். சாத்தூர்ப் பையனிடம் தானே நேரில் சொல்லிவிட்டதாகவும் என்னிடம் சொன்னாள். அங்கிருந்து இதுவரை பதில் இல்லை. மதுரையிலிருந்தும் இதுவரை பதில் இல்லை.

பேச்சியம்மாளிடமிருந்து எனக்குப் படமோ, புடவையோ, வேறு எந்த அடையாளமோ வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தது அவள் மகள்தான். வருகிற வியாழக்கிழமை முடிவு வாங்க இருவரும் போகிறோம். முதல் பேருந்துக்கே கிளம்பிவிடலாம் பெரியம்மா, வீட்டில் உட்கார முடியவில்லை என்கிறாள் கனகா. எனக்கும் முடியவில்லை. டாக்டரம்மாவின் அறைக்குள் போகும்போது நான் அவள் கையைப் பிடித்துக்கொள்வேனா, அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாளா என்று தெரியவில்லை.