கல்லில் ஒற்றை எழுத்து

பென்சில் முனையை நாக்கில் ஒருமுறை தொட்டுக்கொண்டுதான் ஐவர் ஸ்டென்னெட் எழுத ஆரம்பிப்பார். ஆவணக் காப்பகத்தில் பேனாவுக்கு அனுமதி இல்லை. கோட்டையும் பையையும் வெளியே பெட்டியில் பூட்டிவிட்டு, ஜன்னலிலிருந்து மூன்றாவது மேசைக்கு வந்து, ஏதாவது ஒரு தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பஞ்சுத் தலையணைமேல் விரித்துவைத்து, செத்துப்போனவர்களைத் திட்டத் தொடங்குவார். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். "எங்கடா போய்த் தொலைஞ்சே? போன வருஷம் இதே கோயில்ல பிள்ளைக்குப் பேரு வச்சிருக்கே, இந்த வருஷம் ஊர்லயே காணோம்."

வயது எழுபத்திரண்டு. முப்பத்து நான்கு வருடம் லிங்கன்ஷயர் தாழ்நிலத்து வாய்க்கால்களில் கோரை வெட்டியவர். சரிவான கரையில் நின்று நின்று, சமதரையிலும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்பார். விரல்கள் தடித்தவை. ஆனால் இருநூறு வருடத் தாளைப் புரட்டும்போது அவை தூங்கும் குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல நகரும். மதியம் பாலாடைக்கட்டியும் ஊறுகாய் வெங்காயமும் வைத்த ரொட்டியை, மழை பெய்தாலும், வெளியே படியில் நின்றுதான் சாப்பிடுவார். காப்பகத்தில் வேலை பார்க்கும் லோர்னா என்ற பெண், வெங்காய வாசனை பதிவேட்டில் ஏறிவிடுகிறது என்று ஒருமுறை சொன்னாள். "ஏறட்டும். எங்க ஆளுங்க வேற எதைத் தின்னாங்க?" என்றார்.

அவருடைய ஆட்கள் அத்தனை பேரும் பண்ணைக் கூலிகள். "பிரபுக்களுக்கு வம்சம்னா மரம் மாதிரி வரையறாங்க. எங்களுக்கு அது வாய்க்கால் ஓரத்துப் புல்லு. வருஷா வருஷம் வெட்டிப் போட்டாச்சு, எங்க தேடறது?" என்பார். டர்னிப் கிழங்கு திருடி ஒரு மாதம் உள்ளே இருந்த தாமஸ், ஏழைகள் விடுதியில் பிள்ளை பெற்ற ஹன்னா, அந்தப் பிள்ளையின் தகப்பன் பெயருக்கு எதிரே வெற்றிடம். எல்லாரையும் சுவருக்கு ஒட்டும் காகிதத்தின் பின்புறத்தில் எழுதி வைத்திருக்கிறார். பதினோரு வருடமாகச் செவ்வாயும் வியாழனும் இதுதான் வேலை. மனைவி ஷெய்லா இறந்த வருடம் ஆரம்பித்தது.

கிடைக்காதவர் ஒருவர்தான்: அப்பாவைப் பெற்ற ஆம்ப்ரோஸ். ஆனால் அவரைப் பற்றி ஐவருக்குக் கவலையே இல்லை. ஆம்ப்ரோஸ் முதல் உலகப் போரில் பிரான்ஸில் இறந்தவர். கெல்பி ஃபென் கிராமத்தின் போர் நினைவுக்கல்லில் பதினேழு பெயர்களுக்கு நடுவே 'ஏ. ஸ்டென்னெட்' என்று இருக்கிறது. நவம்பர் தோறும் அப்பா சிரில், ஐவரையும் அக்கா பெரிலையும் அங்கே கூட்டிப் போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பார். "அதுதான்டா உங்க தாத்தா" என்பார். போரில் இறந்தவர்களுக்கான சிவப்புக் காகிதப் பாப்பிப் பூவைக் கல்லடியில் வைப்பார். ராணுவத் தாள் ஏன் கிடைக்கவில்லை என்று யாராவது கேட்டால் ஐவரிடம் பதில் தயார்: "அடுத்த சண்டைல லண்டன்ல குண்டு விழுந்துச்சில்ல, எத்தனையோ பேரோட தாள் எரிஞ்சுபோச்சு. எங்க தாத்தாவுக்கு ரெண்டு சாவு."

போன கோடையில், கல்லில் எழுத்துகள் தேய்ந்துவிட்டன, புதிதாக வெட்டப் போகிறோம், இந்த முறை முழுப் பெயராகவே போட்டுவிடுவோம் என்று கிராமக் குழு முடிவு செய்தது. பெயர்களைச் சரிபார்த்துக் கொடுக்க ஐவரை விட்டால் வேறு யார்? பதினாறு பெயர்களை இரண்டே மாதத்தில் முடித்தார். தாத்தா பெயரை எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல் எழுதிவிட்டிருக்கலாம். முறை என்று ஒன்று இருக்கிறதே என்று தேடினார்.

நூறு வருடம் பூட்டி வைத்திருந்த 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அப்போதுதான் வெளியே வந்திருந்தது. லோர்னா கணினியில் எடுத்துக் கொடுத்தாள். பாட்டி மார்த்தா தன் கையாலேயே நிரப்பிய தாள். தன் பெயருக்கு எதிரே 'விதவை' என்று எழுதி, அதை அடித்துவிட்டு, மேலே சின்னதாக 'மணமானவர்' என்று எழுதியிருந்தாள். பிள்ளைகளுக்குத் தாய் தகப்பன் இருக்கிறார்களா என்று அந்தப் படிவம் கேட்டது. ஏழு வயது சிரிலுக்கு எதிரே அவள் எழுதியிருந்தாள்: இருவரும் உயிருடன்.

"தப்பா எழுதிட்டாங்களோ?" என்றார் ஐவர்.

லோர்னா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸ்டர் ஸ்டென்னெட், அடிச்சுத் திருத்தி இருக்காங்க. யோசிச்சுதான் எழுதியிருக்காங்க."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒன்பது மைல் தள்ளி, ஹால்ஸ்தார்ப்பில், அதே கணக்கெடுப்பில், ஆம்ப்ரோஸ் ஸ்டென்னெட். பண்ணைக் கூலி. பக்கத்தில் மனைவி என்று எடித் என்ற ஒருத்தி, இரண்டு பெண் குழந்தைகள். கல்லில் இருந்த ஏ. ஸ்டென்னெட் வேறொருவன் என்பதும் பழைய செய்தித்தாள் ஒன்றில் தெரிந்தது. ஆல்ஃபிரட், பத்தொன்பது வயது, வண்டிக்காரன், துணி வெளுக்கும் ஒருத்தியின் ஒரே மகன். அவள் செத்த பிறகு அவனுக்கென்று பூ வைக்க ஆள் கிடையாது.

அன்று ஐவர் ரொட்டி சாப்பிடவில்லை.

மூன்று வாரம் கழித்து ஆம்ப்ரோஸின் இறப்புச் சான்று தபாலில் வந்தது. 1958 மார்ச், எழுபத்து நான்கு வயது, நெஞ்சுச் சளி. ஐவர் கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது பென்சில் நின்றுவிட்டது. தகவல் கொடுத்தவர்: சி. ஸ்டென்னெட், மகன், இறக்கும்போது உடனிருந்தவர்.

சி என்றால் சிரில், அப்பாவேதான். அப்பா உருளைக்கிழங்கு லாரி ஓட்டினார். பள்ளி விடுமுறையில் ஐவரையும் ஏற்றிக்கொள்வார். ஹால்ஸ்தார்ப்பில் ஒரு சந்து முனையில் லாரியை நிறுத்தி, கையில் மிட்டாய்ப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, "மூட்ட எண்ணிட்டு வரேன், எறங்காத" என்று போவார். அரை மணி நேரமாகும். வெறுங்கையோடு வருவார். ஏழு வயதுப் பையன் மிட்டாயைச் சப்பிக்கொண்டு, சொந்தத் தாத்தாவின் வேலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறான்.

பெயர்ப் பட்டியலைத் திங்கட்கிழமை கல்வெட்டுபவரிடம் கொடுத்தாக வேண்டும். சனிக்கிழமை மதியம் ஐவர் பெரிலிடம் போனார். அவளுக்கு எழுபத்தேழு வயது. அப்பா அம்மா வாழ்ந்த அதே வீட்டில் இருக்கிறாள். அடுக்களையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஐவர் சான்றை மேசைமேல் வைத்தார். அவள் அதைக் கையில் எடுக்கவில்லை. கண்ணாடியைக்கூடத் தேடவில்லை.

"உனக்குத் தெரியும்" என்றார் ஐவர்.

"ஆஸ்பத்திரில அப்பா சொன்னாரு. கடைசி வாரத்துல."

"அப்பா போய் இருபத்தாறு வருஷமாச்சு. அத்தன வருஷமாவா?"

"மார்த்தா ஆத்தா இருக்கற வரைக்கும் அப்பாவால சொல்ல முடியல. அது ஊர் முழுக்க விதவைன்னு சொல்லிக்கிட்டுத்தான் மூணு பிள்ளையையும் காப்பாத்துச்சு. ஓடிப்போனவன் பொண்டாட்டின்னா எவன் வேல குடுத்திருப்பான்? அப்பறம் சொல்லலாம்னு இருந்தாராம். நீ ஸ்கூல்ல கட்டுரை எழுதிப் பரிசு வாங்கிட்டு வந்து நின்னியாம். என் தாத்தா பிரான்ஸ்ல இறந்தார்னு. அத மடிச்சுச் சட்டப்பைல வச்சிக்கிட்டு ஒரு வருஷம் சுத்தினாரு மனுஷன். அதுக்கப்பறம் எந்த வாயால சொல்றது?"

"சரி. நீ?"

பெரில் சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டாள்.

"பதினோரு வருஷமா நான் தேடறத உக்காந்து பாத்துட்டிருந்திருக்கே. ஒவ்வொரு வியாழனும் இங்க வந்து, இதே நாற்காலில உக்காந்து, என்ன கெடச்சுதுன்னு சொல்லிட்டுப் போவேன். 'அப்படியா, அப்படியா'ன்னு கேட்டியே."

"ஷெய்லா போனப்பறம் நீ எந்திரிச்சு நடந்ததே அதுக்குத்தானே, ஐவர். சவரம் பண்ணிட்டு பஸ் ஏறினியே. எதையாச்சும் தேடட்டும்னு விட்டேன். கெடைக்காதுன்னு நெனச்சேன்."

பெரில் இன்னொரு கிழங்கைச் சீவி முடித்தாள். பிறகு சொன்னாள்: "ஆம்ப்ரோஸ்னே எழுதிக் குடுத்துரு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"அந்த ஆல்ஃபிரடுக்கு."

"அவனுக்கு யாருமே இல்லடா."

"ஆமா. அவன் பூவத்தான் நாம இத்தன வருஷமா எடுத்துட்டிருந்தோம்."

"அப்ப நவம்பர்ல நான் எங்க போய் நிக்கறது? சொல்லு. அப்பா நின்ன எடத்துல அறுபது வருஷமா நிக்கறேன். பொய்யின்னு தெரிஞ்சும் நின்னேன். எனக்கு வேற எடம் காட்டு."

பெரில் ஊற்றிவைத்திருந்த தேநீரை ஐவர் குடித்து முடித்தார். சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்தார். பதினேழாவது வரியில் ஆல்ஃபிரட் என்று எழுதினார். உறவினர் என்ற கட்டத்தில் எதையும் எழுதாமல், தாளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

தேநீர்க் கோப்பையைத் தொட்டியில் கழுவினார். துடைத்துக் கவிழ்த்தார். பின்கதவு அவருக்குப் பக்கத்திலேயே திறந்து கிடந்தது. அந்த வட்டாரத்து வீடுகளில் சொந்தக்காரர்கள் எல்லாரும் அந்த வழியாகத்தான் போக வர இருப்பார்கள். முன்கதவு பாதிரியாருக்கும் போலீஸுக்கும் சவப்பெட்டிக்கும்.

ஐவர் நடையைத் தாண்டி முன்பக்கம் போனார். கதவடியில் காற்றுக்கு அடைத்திருந்த துணிச்சுருளைக் காலால் தள்ளினார். துருவேறிய தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்தார்.

"அது தெறக்காதுடா. அப்பாவக் கொண்டுபோனப்பத் தெறந்தது" என்றாள் பெரில் அடுக்களையிலிருந்து.

அவர் மரத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினார்.