கூரையில் அலைந்த வெளிச்சம்

குடிநீர் அலுவலகத்தில் அவளைக் கறார் அக்கா என்பார்கள். தொலைபேசியில் வரும் புகார்களைக் கேட்டு எழுதிக்கொள்வது அவள் வேலை. "தெரு சொல்லுங்க. வீட்டு நம்பர் சொல்லுங்க. எத்தனை நாளா வரல? சரி, வைங்க." இந்த நாலு வாக்கியத்துக்குமேல் யாருக்கும் கிடையாது. பெற்ற மகளுக்கே கிடையாது என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு.

பிறவிக்குணம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும்தான்.

புகார்ப் பிரிவு தரைக்குக் கீழே இருந்தது. நான்கு மேசைகள், நான்கு தொலைபேசிகள், ஓயாமல் ரீங்கரிக்கும் இரண்டு டியூப்லைட்டுகள். ஜன்னல் கிடையாது. சுவரில் ஈரம் பூத்து, காரை பொடிப்பொடியாகப் புகார்ப் பதிவேட்டின்மேல் உதிரும். வெளியே மழையா வெயிலா என்பது, படியிறங்கி வருகிறவர்களின் குடையைப் பார்த்தால்தான் தெரியும். மதியத்துக்குள் தலை கனத்துவிடும். மூன்று மணிக்குமேல் தொலைபேசி அடித்தால் யாரோ உச்சந்தலையில் குட்டுவதுபோல் இருக்கும். அப்படியே பதினொரு வருடம் போனது.

ஒரு திங்கட்கிழமை காலை, சுவருக்குள் ஓடிய குழாய் வெடித்து, அறையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. பக்கத்து மேசைக்காரருக்கு ரேடியோ என்று பெயர், வாய் ஓயாது. அவர் கால்சட்டையை மடித்துக்கொண்டே கேட்டார்: "ஊர்ல எங்கயும் தண்ணி வரலைங்கிறான். எல்லாம் இங்கதான் இருக்கு. இதை யார்கிட்ட புகார் சொல்றது?"

பழுது பார்க்கும்வரை நால்வரையும் மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள். பழைய குழாய் வரைபடங்களை அடுக்கிவைத்திருந்த நீளமான அறை அது. ஆள் புழங்காத இடம். தூசியைத் தட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவள், தற்செயலாக நிமிர்ந்து பார்த்தாள். கூரை முழுவதும் வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது.

ஜன்னலுக்குக் கீழே, கட்டடத்தை ஒட்டி, தண்ணீரைத் தெளியவைக்கும் பெரிய தொட்டி. அதில் பட்ட வெயில் தெறித்து மேலே வந்து, வெள்ளைக் கூரையில் அலை அலையாக விரிந்தது. கூடியது, பிரிந்தது, மறுபடி கூடியது. காற்று நின்றால் அதுவும் நின்று, மூச்சுவிடுவதுபோல் லேசாக அசைந்தது. தொலைபேசி அடித்தது. கண்ணை எடுக்காமலே கையை நீட்டி எடுத்தாள்.

"சொல்லுங்க," என்றாள். தன் குரலா அது என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

நாட்கள் மெல்லக் கரைந்தன. பத்து மணிக்கு வெளிச்சம் கதவுப் பக்கம் இருக்கும். நகர்ந்து நகர்ந்து நண்பகலில் அவள் தலைக்குமேல் வரும். அந்த நேரத்தில், தான் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோலவும், பேசுகிறவர்கள் எல்லாம் தொலைவில் ஏதோ கரையில் நிற்பதுபோலவும் அவளுக்குத் தோன்றும். பயமாக இல்லை, சுகமாக இருந்தது. தலைவலி எப்போது விட்டுப்போனது என்றே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு பெரியவர் அழைப்பார். இரண்டு வருடமாக அழைக்கிறார். அவர் குரல் கேட்டதுமே, "எழுதியாச்சு, வைங்க" என்பது அவள் வழக்கம். மாடிக்கு வந்தபின் ஒரு செவ்வாய் அவள் வைக்கவில்லை. கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"...ஞாயித்துக்கிழமை மட்டும் நல்லா வருதும்மா. மத்த நாள்லதான் நூலாட்டம் வருது."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கிழமை மட்டுமா? இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"ஒவ்வொரு தடவையும் சொல்ல வரேன். அதுக்குள்ள நீங்க வச்சிடுறீங்களே."

அவளுக்குச் சுருக்கென்றது. கேட்டதில், பெரியவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருப்பது தெரிந்தது. ஞாயிறு மூடியிருக்கும். பின்னாலிருந்த அலமாரியிலிருந்து அந்தத் தெருவின் வரைபடத்தை உருவி மேசையில் விரித்தாள். பள்ளிக்குப் போகும் குழாய், பெரியவர் வீட்டுக் குழாயிலிருந்துதான் பிரிந்தது. யாரோ எப்போதோ தவறாக இணைத்திருக்கிறார்கள். நான்கே நாளில் சரிசெய்துவிட்டார்கள்.

அடுத்த செவ்வாய் பெரியவர் அழைத்தார். "புகார் ஒண்ணும் இல்லம்மா. பழக்கதோஷம்."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ரேடியோ பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது வாரம் உத்தரவு வந்தது: கீழ் அறை தயார், இறங்கவும். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலை நேராக அதிகாரி அறைக்குப் போனாள்.

"சார், நாங்க மேலயே இருந்துக்கறோம்."

"ஜன்னலுக்கும் வேலைக்கும் என்னம்மா சம்பந்தம்? போன் எங்க இருந்தாலும் போன்தானே?"

"ஒருநாள் கீழ வந்து என் நாற்காலில உக்காந்து பாருங்க சார். அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கறோம்."

அதிகாரி நல்ல மனிதர். கொஞ்சம் வீம்பும் உண்டு. வந்து உட்கார்ந்தார். முதல் ஒரு மணி நேரம் எல்லோரிடமும் இனிக்க இனிக்கப் பேசினார். பதினொன்றரைக்குக் கைக்குட்டையால் நெற்றியை அழுத்திக்கொண்டார். இரண்டரைக்கு யாரோ ஒரு பெண் தெருப்பெயரைத் தப்பாகச் சொல்ல, "காதுல என்ன பஞ்சா அடைச்சிருக்கு?" என்று கத்தினார். கத்தியபின் கையிலிருந்த ரிசீவரையே பார்த்தார். பிறகு, எதிர்முனையில் இன்னும் காத்திருந்த அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார்.

மேலே போகலாம் என்று அவர் முடிவெடுத்தும் வழி சுலபமாக இல்லை. கிடங்குப் பொறுப்பாளர் குறுக்கே நின்றார். "வரைபடத்தையெல்லாம் கீழ வச்சா ஈரத்துல கெட்டுப்போகும் சார்."

"பதினொரு வருஷமா நாங்க அங்கதானே இருந்தோம்?" என்றாள் அவள், மெதுவாக.

கடைசியில் வரைபடங்கள் பாதி அறையை வைத்துக்கொண்டன. மீதியில் மூன்று மேசைதான் பிடித்தது. நாலாவது மேசை கீழேயே நின்றுவிட, வாரம் ஒருவர் முறைவைத்து இறங்கினார்கள். அவள் ஒரு முறைகூடத் தட்டிக்கழிக்கவில்லை. தன் வாரத்தில், ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் எடுப்பாள். அப்படியும் சில மதியங்களில் பழைய கறார் எட்டிப்பார்க்கும்.

அவள் கணவர் தையல்காரர். மாலையில் அவள் செருப்பைக் கழற்றும் சத்தத்தைக் கேட்டே, தலை நிமிராமல் கேட்பார்: "இந்த வாரம் கீழயா?"

பெரும்பாலும் அவர் ஊகம் சரியாக இருக்கும். தப்பிய நாட்களில் அவள் திருத்துவதில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டே, அன்றைக்கு யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்று நிதானமாகச் சொல்ல ஆரம்பிப்பாள்.