ஒன்பது அப்துல் சலாம்கள்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த தௌஃபீக், கணினியில் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பில் திரிந்தவன். 2006-இல் சொந்த ஊரான லப்பைக்குடிக்காட்டுக்கு ஓர் இணையப் பக்கம் செய்தான். வளைகுடாவில் இருக்கும் ஊர்க்காரர்களின் பட்டியல். அதில் ஒன்பது அப்துல் சலாம்கள் வந்து நின்றார்கள்.

ஊரில் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள், முதுகுக்குப் பின்னால் வேறெதுவும் சொல்ல மாட்டார்கள். தௌஃபீக்கும் அதே வழியில் போனான். இது பெயர், இது பட்டப்பெயர், இது வேலை செய்யும் ஊர் என்று கணினிக்குப் புரிகிற குறிச்சொற்களை ஒவ்வொருவர் பெயரைச் சுற்றியும் போட்டான். பட்டப்பெயரை மட்டும் திரையில் தெரியாமல் மறைத்தான். கணினி யாரிடம் போய் வம்பளக்கப் போகிறது என்று நினைத்தான், பாவம்.

சவூதியில், தம்மாமில் வேலை பார்த்த ஊர்க்காரன் மீரானுக்குக் கை சும்மா இருக்காது. இணையப் பக்கத்தில் உள்ள ஆட்களை அப்படியே முகவரிப் புத்தகமாக உருவி எடுக்கும் மென்பொருள் ஒன்று அவனிடம் இருந்தது. உருவினான், மறைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. அச்செடுத்து, ஊர்க்காரர்கள் தங்கியிருந்த கேம்ப் சுவரில் ஒட்டினான். நான்காவது வரியில் இருந்தது: 'அப்துல் சலாம், அழுவாச்சி, தம்மாம்.'

ஒவ்வொரு முறை ஊரைவிட்டுக் கிளம்பும்போதும் பஸ் படியில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுபவர் அவர். ஆனால் தம்மாமில் பதினேழு வருடமாகக் கம்பீரமான சலாம் பாய். அவருடைய மகள் ஃபஹ்மிதாவைத்தான் தௌஃபீக்குக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

அடுத்த லீவில் வந்தவர் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பெட்டியோடு நேராக சென்டருக்குள் நுழைந்தார். சுவரில் ஒட்டிய செய்தி தௌஃபீக்குக்கு முன்பே எட்டியிருந்தது. கல்யாணம் போச்சு என்றே முடிவு கட்டிவிட்டான்.

"எடுத்துடறேன் மாமா. இப்பவே எடுத்துடறேன்."

"எடுக்க வேணாம். மத்தவங்களுக்கு என்னா போட்டிருக்கே, காட்டு."

குறிச்சொற்களைத் திறந்து காட்டினான். படிக்கப் படிக்க அவர் தோள் குலுங்கியது. இந்த முறை சிரிப்பில். கண்ணைத் துடைத்துக்கொண்டே கடைசி வரிக்கு வந்தவர் நிறுத்தினார்.

"'பக்கம் செய்தவர் தௌஃபீக்'னு போட்டிருக்கே. இதுக்குப் பட்டப்பேரு எங்க?"

"அது... செஞ்சதே நான்தான மாமா."

"அதுனால?"

சுன்னத்து அன்று கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு, கத்தியோடு வந்தவரை சாயங்கால அஸர் தொழுகை வரைக்கும் காக்க வைத்தவன் தௌஃபீக். ஊருக்கு அவன் 'கட்டிலடி'.

"ஃபஹ்மிதா பாத்துட்டா மாமா..."

"டைப் பண்ணு."

காது சிவக்க ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சரிபார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கினார்.

"மொதமொத ஒன்னப் பத்தி நான் பேச்செடுத்தப்பவே, எந்த தௌஃபீக்குன்னு ஃபஹ்மிதா கேட்டுச்சு. கட்டிலடின்னேன். அதுக்கப்பறந்தான் சரின்னுச்சு."